புத்தர் கோயிலுக்குப் போன புளிக்குழம்பு

இப்போது டாக்சி ஓட்டும் பிள்ளைகள், "மாமா, இந்த வெயிட்டிங் சவாரிதான் பெரிய கழுத்தறுப்பு" என்று என்னிடம் வந்து அலுத்துக்கொள்கிறார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வரும். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், ஜப்பான்காரன் வருவதற்கு முன்பு, ராத்திரி முழுக்க வெயிட்டிங் போட்டவன் நான். அதுவும் புத்தர் கோயிலில்!

அப்போது மலாக்கா பக்கம் மெர்லிமாவில் ஒரு ராவுத்தர் மளிகைக் கடை வைத்திருந்தார். கடையோடு ஒரு வாடகைக் காடியும் இருந்தது; காரை அப்படித்தான் சொல்வோம். அதற்கு நான்தான் டிரைவர். ஹேண்டில் போட்டுச் சுற்றினால்தான் அது ஸ்டார்ட் ஆகும். மழை நாளில் ஸ்டார்ட் ஆவதும் ஆகாததும் அதன் இஷ்டம். ஒரு நாள் மத்தியானம் ராவுத்தர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, பால்கார பாக்கியத்தக்கா மலாக்கா போவணுமாம். கஜா பேராங்குல இருக்கிற சீனக் கோயிலு. ராத்திரி அங்க தங்கிட்டுக் காலைல திரும்புறாங்க. நீயும் அங்கயே இரு."

"நான் எங்க முதலாளி படுக்கிறது?"

"சாமிகிட்ட படுக்க ஒனக்கு வலிக்குதா? போ, போயி ரேடியேட்டர்ல தண்ணி ஊத்து."

அந்த மனிதரிடம் வாயைக் கொடுத்து ஜெயித்தவன் கிடையாது.

பாக்கியத்தக்கா மாடு வைத்துப் பால் விற்றவர். புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. வறுமையில் சீனர்கள் கொடுத்துவிட்ட பெண் குழந்தைகளை நம்மவர்கள் எடுத்து வளர்ப்பது அந்தக் காலத்தில் சாதாரணம். அக்காவும் அப்படி ஒரு குழந்தையை வாங்கி, கமலம் என்று பெயர் வைத்து வளர்த்தார். முகம்தான் சீன முகம். மாட்டை அதட்டுவதில் இருந்து மாரியம்மன் தாலாட்டு வரைக்கும் எல்லாமே தமிழ்தான்.

அந்தக் கமலம் பக்கத்து வீட்டுச் சீன அம்மாவோடு கஜா பேராங் கோயிலுக்கு ஒரு திருவிழாவுக்குப் போனாள். பிறகு அடிக்கடி போனாள். கடைசியில் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். வருகிற பௌர்ணமிக்கு அவளுக்கு மொட்டை போட்டுத் துறவு கொடுக்கப் போகிறார்கள் என்று தகவல் வந்ததும் அக்கா ஆடிப்போய்விட்டார். ஆள் அனுப்பினார். கோயிலின் தலைமைப் பிக்குணி ஒரே பதில்தான் சொல்லி அனுப்பினார். அம்மா வந்து ஒரு ராத்திரி எங்களோடு தங்கட்டும். காலையில் மகள் வருகிறேன் என்றால் தாராளமாகக் கூட்டிப் போகட்டும்.

"வராம எங்க போவா? கத்திரிக்காப் புளிக்குழம்பு வச்சிருக்கேன். காலைல அத ஒரு வாய் தின்னான்னா, தானா கிளம்பி வந்துருவா பாரு" என்றார் அக்கா. தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். மலாக்காவுக்குச் சற்று முன்னால் வரும் செமாபோக் தாண்டும்வரை இறக்கவே இல்லை. காடி முழுக்கக் குழம்பு வாசனை. எனக்கு நாக்கில் எச்சில் ஊறிக் கியர் மாற்றுவதே பெரும்பாடாக இருந்தது.

கோயில் சின்னதுதான். பெண்கள் உள்கட்டில் தங்குவார்கள். எனக்குக் கேட்டை ஒட்டிய அறையில் பலகைக் கட்டிலும் கொசுவலையும் கொடுத்தார்கள். சாயங்காலப் பூசை ஆரம்பித்தது. மரத்தில் குடைந்த ஒரு மீனைத் தட்டித் தட்டி ஓதினார்கள். ஒரு சொல்கூட எனக்கு விளங்கவில்லை. ஆனால் அந்தத் தட்டல் ஒரே சீராக வந்துகொண்டே இருந்ததில், பகலெல்லாம் ஸ்டியரிங் பிடித்த தோள்வலி எங்கேயோ போய்விட்டது. ஊதுவத்திப் புகையும், மழை பெய்து விட்ட ஈர மண்ணும், வாசல் விளக்கும்... அப்படி ஒரு நிம்மதியை அதற்குப் பிறகு எத்தனையோ கோயில்களில் தேடிவிட்டேன். கிடைக்கவில்லை. அன்று படுத்ததுதான் தெரியும். விடியுமுன் அடித்த மணிச் சத்தத்தில்தான் எழுந்தேன்.

காலையில் எல்லோரும் பசியாற உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு கிண்ணம் கஞ்சி, கொஞ்சம் ஊறுகாய்க் காய். எனக்கு வாசல் ஓரத்தில் இடம். கமலம் சாம்பல் நிறச் சட்டை போட்டிருந்தாள். பின்னல் இன்னும் நீளமாகத் தொங்கியது. அக்கா அவள் பக்கத்தில் போய்த் தூக்குச்சட்டியைத் திறந்து, குழம்பைக் கஞ்சியில் ஊற்றப் போனார். கமலம் சட்டென்று கிண்ணத்தைக் கையால் மூடினாள்.

"அம்மா, வேணாம்மா."

"ஏன்டி? சுத்த சைவம். சட்டியக்கூட புளி போட்டு வெளக்கித்தான் வச்சேன்."

"வெங்காயம், பூண்டு போட்டிருக்கீங்கம்மா. இங்க அது ஆகாது."

"வெங்காயம் என்னாடி, ஆடா மாடா? எங்க ஆத்தா வெரதச் சமையல்லயே போடுவாங்க! என் கையால திங்க மாட்டேன்னு நேராச் சொல்லிரு!"

அக்காவின் குரல் உடைந்துவிட்டது. மற்றவர்கள் தலை நிமிராமல் குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது.

கமலம் தூக்குச்சட்டியை இரண்டு கையாலும் வாங்கினாள். என்னைப் பார்த்து, "அண்ணே, வெளிய வாங்க" என்றாள். காடியின் ஃபுட்போர்டில் என்னை உட்கார வைத்தாள். அக்கா கொண்டுவந்திருந்த சோற்றை மூடியில் போட்டு, குழம்பை ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரே குந்தினாள். அக்காவும் பின்னாலேயே வந்து நின்றார்.

நான் ஒரு வாய் வைத்தேன். கமலம் என் வாயையே பார்த்தாள்.

"புளி கொஞ்சம் தூக்கலா இருக்கில்ல, அண்ணே?"

"ஆமாம்மா."

"கத்திரிக்கா கொழையாம முழுசா இருக்கா?"

"இருக்கும்மா."

"எனக்குன்னா அப்படித்தான் வைப்பாங்க" என்றாள். சொல்லும்போது சிரித்தாள், கண்ணில் தண்ணீர் கொட்டியது.  நான் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். மிச்சம் வைத்திருந்தால் அந்த இரண்டு பேருமே தாங்கியிருக்க மாட்டார்கள்.

அக்கா சட்டியைக் கிணற்றடியில் தானே கழுவினார். மகளின் பின்னலை ஒருதரம் தடவினார். பிறகு காடியில் ஏறிக்கொண்டார், தனியாக. நான் ஹேண்டிலைச் சுற்றினேன்.

செமாபோக் வரும்போதுதான் வாயைத் திறந்தார்.

"ராத்திரி பூரா பேசி மனச மாத்திரலாம்னுதான் தம்பி போனேன். பூசை முடிஞ்சா பேசக்கூடாதாம். பக்கத்துலயே படுத்திருந்தா, பாத்துக்கிட்டே கெடந்தேன். சின்னதுலேருந்து தூக்கத்துல திடுக்கு திடுக்குனு எழுந்து என் சேலையப் புடிப்பா. பேயோட்டிப் பாத்தாச்சு, தாயத்தும் கட்டியாச்சு. நேத்து அவ திடுக்கிடவே இல்ல தம்பி."

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். கொஞ்ச தூரம் போனதும், "நிறுத்து, நிறுத்து!" என்று என் தோளில் தட்டினார்.

"என்னாக்கா, எதையாவது விட்டுட்டீங்களா?"

"வெங்காயம் பூண்டு இல்லன்னா, வாசனைக்குப் பெருங்காயம் போடலாமில்ல? திருப்பு. கேட்டுட்டு வந்துருவோம்."

ராவுத்தர் பெட்ரோலுக்கு என்னைத் திட்டப்போகிறார் என்று தெரியும். திருப்பினேன். இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது அதுதான் பிள்ளைகளா: ஏறியவர் திரும்பிப் போகச் சொன்னால் ஏன் எதற்கு என்று கேட்காதீர்கள். சில பேருக்குப் போகிற இடம் பாதி வழியில்தான் தெரியும்.

கமலம் வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். காடியைப் பார்த்ததும் பயந்துபோய் ஓடி வந்தாள். அக்கா இறங்கவில்லை, தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"பெருங்காயம் ஆகுமாடி?"

"அதுவும் ஆகாதும்மா."

"அட கடவுளே! வெந்தயம்?"

கமலம் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, காடிக் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வெந்தயம் போடலாம்மா."