நோட்டீஸில் போட வேண்டிய பெயர்

என் ஆட்டத்துக்குத் திருவிழா நோட்டீஸில் என்ன பெயர் போடுவது என்று காரைக்குடி அச்சகத்தில் நின்று ஒரு மணி நேரம் சண்டை போட்டவள் நான். எதிரே நின்றவர் எனக்கு ஆடக் கற்றுக்கொடுத்த மாஸ்டர்; அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். தரையில் கையூன்றிக் காலைச் சுழற்றி, தலைகீழாகச் சுற்றுகிற ஆட்டம் அது. ஆடுகிறவள் பெயருக்குக் கீழே இன்னார் மகள் என்று அப்பா பெயரையும் சேர்த்து அடிப்பது எங்கள் ஒக்கூரில் வழக்கம்.

“ஆடுனவுக வச்ச பேரு பிரேக்கிங்ண்ணே. பிரேக் டான்ஸ்ங்கிறது வெளியில நின்னு வேடிக்கை பாத்தவுக வச்சது,” என்றேன்.

“பிரேக்கிங்னு போட்டா வண்டிக்கு பிரேக் பாக்குற கடைன்னு நெனப்பாக. சனத்துக்குப் புரியிறதப் போடு.”

“புரியலைன்னா கேட்டுத் தெரிஞ்சுக்கிடட்டும்.”

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கின் மேல்தான் இருக்கும். அச்சகக்காரர் இரண்டு பெயரையும் மாறி மாறி அடித்து, அழித்து, சலித்துப்போய் டீ சொல்லிவிட்டார். நான் விடவில்லை. உடம்பை வெட்டி வெட்டி ஆடுகிற பாப்பிங் வேறு, சட்டென்று உறைந்து நிற்கிற லாக்கிங் வேறு, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வெஸ்டர்ன் என்பது அநியாயம் என்று வகுப்பே எடுத்தேன். சரியான பெயரைச் சொல்லக் கூசுகிறவர்களுக்கு ஆட்டத்தின் மேல் மரியாதை இல்லை என்று வேறு சொல்லிவைத்தேன்.

அண்ணன் டீயைக் குடித்து முடித்தார். “ஒங்க வீட்ல இதுக்கு என்ன பேரு?”

வீட்டில் அதன் பெயர் கராத்தே. ஆடல் பாடல் என்றாலே வீட்டுப் பெண்ணுக்கு ஆகாது என்பார்கள் எங்கள் பக்கம். அப்பா அனுப்ப மாட்டார் என்று பயந்து மூன்று வருடங்களுக்கு முன் சொன்ன பொய் அது. ஊருக்குத்தான் என் உபதேசமெல்லாம். இப்போது அப்பா பெயரும் அச்சில் வரப்போகிறது. அதை நினைக்காமல் இருக்கத்தான் அத்தனை சத்தம் போட்டேனோ என்னவோ.

“பிரேக்கிங்னே அடிங்க. ஆனா நாளைக்கு அடிங்க,” என்று சொல்லிவிட்டு, மாதிரித் தாளோடு பஸ் ஏறினேன்.

அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். கராத்தே இல்லை, இதுதான் என்று ஒரே மூச்சில் சொல்லித் தாளை நீட்டினேன். போனில் இருந்த வீடியோவையும் காட்டினேன். அவர் முழுவதும் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

“எதுத்தாப்புல ஆளு இல்லையா?”

“இல்லப்பா. நான் மட்டுந்தான்.”

“அப்ப அந்த முழங்கைக் காயம், தோள்பட்டை வீக்கமெல்லாம்?”

“நானா தரையில விழுந்தது.”

“ஒன்னைய எவளும் அடிக்கலையா?”

“இல்லப்பா.”

வாளியைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார்.

“மூணு வருசமா, ஆத்தா,” என்றார். “நீ வீங்கிப்போயி வரும்போதெல்லாம், எவளோ எம்புள்ளையப் போட்டு அடிக்கிறா, நாந்தானே பஸ் ஏத்தி விடுறேன்னு நெஞ்சு பதறும். ஆசைப்பட்டுப் போறியேன்னு வாயத் தொறக்கல.”

அவர் திட்டுவார் என்று நினைத்துத்தான் வந்தேன். திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். வெட்கமாக இருந்தது, அழுதேன்.

பிறகு தாளை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்து மேலிருந்து கீழ்வரை படித்தார்.

“எம்பேருல இனிசியல் விட்டுப்போச்சு,” என்றார். “போடச் சொல்லு.”