இன்ஜின் நின்றால் படகும் நின்றுவிடுமாம்

டச்சுக் கல்லறை பார்க்க வந்த ஒரு இன்ஜினியர், இன்று ஏரியைச் சுற்ற மனைவியோடு அப்பாவின் படகில் ஏறினார். கூட இருந்த நான் பி.எஸ்சி. இயற்பியல் படிப்பதை அப்பா பெருமையாகச் சொல்லிவிட்டார்.

"உந்தம், அதான் மொமென்டம்னா என்னம்மா? சொல்லு பாப்போம்."

கூச்சத்தில் நான் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எல்லாம் மனப்பாடக் கேஸு," என்று மனைவியிடம் சிரித்தார்.

கரை நெருங்கியதும் அப்பா வழக்கம்போல் இன்ஜினை அணைத்தார். படகு தானாக நழுவிப் போனது. படகுத்துறைச் சுவரில் உதைத்து நிறுத்த இன்ஜினியர் காலை நீட்டினார்.

"இன்னா சார் பண்றே? கால உள்ள இழு!" என்று அப்பா கத்தினார்.

"இன்ஜினே ஆஃப்புப்பா. இனி இதுக்கு ஏது வேகம்?"

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். படகு மோதியதில், சுவரில் கட்டியிருந்த லாரி டயர் அப்பளமாக நசுங்கியது.

"சட்டையைக் கிழிச்சிட்டா பாரு!" என்று மனைவியிடம் காட்டினார்.

அந்த டயரை நசுக்கியதே, உந்தம் என்றால் அதுதான் சார்.

டச்சுக் கல்லறையில் ஒரு காலை மட்டும் புதைக்க இடம் தருவார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த முறை இழுக்கமாட்டேன்.