நிறுத்துவதற்கு முன் ஓர் உறுமல்

கஜா கம்பெனி பிக்கப் வண்டியைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைவாகச் சொன்னால், சேட்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவான். வாடகைக்கு வண்டி ஓட்டுகிறவன். பழைய கஜா போனால் அடுத்ததும் கஜாதான். கண்ணாடியில் யானைப் படம், சாவிக்கொத்தில் யானை. மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் ஷாஹுல் ஹமீதாகிய நான் எல்லாக் கம்பெனி வண்டியிலும் கை வைக்கிறவன். இரும்புக்குச் சாதியும் கிடையாது, மானமும் கிடையாது என்பேன். சேட்டுவுக்குக் கோபம் வரும். வரட்டும் என்றுதான் சொல்வேன்.

அவனுக்கு வாய்த்த தங்கை புருஷன் பிரபு, வீரா கம்பெனி பிக்கப்காரன். காசிமேட்டில் மீன் ஏற்றிவந்து ஊரூர் குப்பத்துப் பெண்களுக்கு இறக்குவான். என் பட்டறை வாசலில் சந்தித்தால் இரண்டு பேரும் கீரியும் பாம்பும்தான். உன் யானைக்கு மேம்பாலம் ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பான் பிரபு. உன் வண்டிச் சத்தத்தில் செத்த மீன் இன்னொரு தடவை சாகிறது என்பான் சேட்டு.

பிரபுவுக்கு ஒரு பழக்கம். வண்டியை நிறுத்துவதற்கு முன் ஆக்சிலேட்டரை ஒரு தடவை அழுத்தி, உறுமவிட்டுத்தான் சாவியைத் திருப்புவான். டீசலுக்குப் பிடித்த கேடு என்று சேட்டு திட்டாத நாளில்லை. ஆனால் குப்பத்து வீட்டில் அந்த உறுமல் கேட்ட பிறகுதான் அவன் மனைவி அன்புச்செல்வி தோசைக்கல்லில் மாவை ஊற்றுவாள். அவன் கைகால் கழுவிக்கொண்டு உள்ளே வரும்போது தோசை தட்டில் இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் வீட்டுக்கு அதுதான் காலிங்பெல்.

“ஒரு நாள் என் இன்ஜின்தான் உன் வண்டிய இஸ்துகினு போவும், பாத்துக்கோ மச்சான்” என்று பிரபு சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அந்த மழைக்காலம் முடிவதற்குள், மீன் பெட்டியை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

அன்புச்செல்வி அழுதாள், காரியமெல்லாம் முடித்தாள், பிறகு சாப்பாட்டை விட்டுவிட்டாள். யாராவது அதட்டினால் டீயில் ஒரு பன்னைத் தோய்த்துத் தின்பாள், அவ்வளவுதான். ஆள் துரும்பாக இளைத்துப்போனாள். சேட்டுவுக்குக் கூடப்பிறந்தவள் என்று அவள் ஒருத்திதான். இவளையும் தூக்கிக்கொடுத்துவிடுவோமோ என்ற பயம் அவனைப் பிடித்துக்கொண்டது.

இந்த லட்சணத்தில் அவன் கஜாவின் இன்ஜின் அடையாறு பாலத்தில் ஜாமாகி நின்றது. உள்ளே பார்த்தேன், தேறாது. பிரபுவின் வண்டியோ மீன் தண்ணீர் சொட்டிச் சொட்டிச் சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் அரித்துப்போய்க் கிடந்தது. ஆனால் இன்ஜின் கல் மாதிரி. எடுத்துக்கொள் என்று தங்கையே சொன்னாள். சேட்டு ஒரு வாரம் முரண்டு பிடித்தான். வயிறு கேட்குமா?

ஒரு கம்பெனி வண்டிக்குள் இன்னொரு கம்பெனி இன்ஜினை உட்கார வைப்பது லேசான வேலை இல்லை. அது உட்காரும் இடத்தை வெட்டிப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். கியர்பாக்ஸோடு சேர்வதற்கு நடுவில் ஒரு தகடு கடைந்து போட வேண்டும். அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடக்க வேண்டும். எல்லாம் முடிந்து நான் ஸ்டார்ட் செய்தபோது யானை வீரா குரலில் கத்தியது. சேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் காலை வந்தவனின் முகம் வெளுத்திருந்தது. சாயங்காலம் வேலை முடிந்ததும் தங்கை வீட்டு வாசலில்தான் எப்போதும் வண்டியைப் போடுவான்.

“பாய், சத்தியமா நான் மிதிக்கல. சாவியத் திருப்புறேன், அதுவா ஒரு தபா உறுமிட்டு நிக்குது.”

உறுமியதும் உள்ளே தோசைக்கல்லில் சொய்யென்று மாவு விழுந்ததாம். அன்புச்செல்வி தட்டோடு வாசலுக்கு வந்தாள். அண்ணனைப் பார்த்து ஒரு கணம் நின்றாள். பிறகு அவனுக்குத் தட்டைக் கொடுத்துவிட்டு, தனக்கும் ஒன்று வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் வயிறாரச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

தினமும் அப்படியே நடந்தது. நல்லதுதானே என்றேன். சேட்டு தலையாட்டினான். அவள் மூன்று டம்ளர் தண்ணீர் வைக்கிறாள் என்றான். பேசும்போது அவனைப் பார்க்காமல் அவன் தோளுக்குப் பக்கத்தில் பார்க்கிறாள் என்றான்.

“அவ எங்கூட சாப்புடல பாய். அவனோட சாப்புடுறா. இன்ஜினக் கழட்டிடு.”

கழற்றினால் நீ எதை ஓட்டுவாய் என்று அதட்டிவிட்டு வண்டியைப் பார்த்தேன். சாவியைத் திருப்பியதும் டீசலை நிறுத்துகிற வால்வு ஒட்டிக்கொண்டிருந்தது. உடனே மூடாமல், இன்ஜினை ஒரு தடவை உறுமவிட்டு மூடியது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. புதிதாக ஒன்று வாங்கிப் போட்டேன். வண்டி சத்தமில்லாமல் நின்றது.

அன்று சாயங்காலம் வாசலில் நிறுத்திய சேட்டுவுக்குத் தட்டு வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தான். கல் காய்ந்து புகைந்துகொண்டிருந்தது. கரண்டியில் எடுத்த மாவு அப்படியே இருக்க அவள் அடுப்பருகே நின்றிருந்தாள்.

“இன்னாண்ணா, அவரு இன்னும் வர்ல?”

அன்றும் மறுநாளும் அவள் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. சேட்டு ஓடிவந்தான். பழைய வால்வையே போடச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டான். நல்லவேளை, அது டீசல் டப்பாவில் ஊறிக்கிடந்தது. மாட்டினோம். ஊறியதில் அழுக்கு போய்விட்டதோ என்னவோ, இப்போது அது ஒட்டவில்லை. எத்தனை தடவை திருப்பினாலும் இன்ஜின் ஒழுங்காக நின்று தொலைத்தது. வேலை கெட்டுப்போனால்தான் வருத்தப்படுவேன். சரியானதற்கு வருத்தப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

தனியாகப் போகப் பயந்து என்னையும் ஏற்றிக்கொண்டான். குப்பத்துச் சந்தில் வண்டி நின்றது. சாவியில் கை வைத்தவன், கண்ணை மூடிக்கொண்டு ஆக்சிலேட்டரை ஒரு தடவை அழுத்தினான். எதைப் பார்த்து வாழ்நாளெல்லாம் திட்டினானோ அதையே செய்தான். உள்ளே மாவு விழும் சத்தம் கேட்டது. சேட்டு அழுதுவிட்டான்.

அவள் தட்டைக் கொண்டுவந்தாள். எனக்கும் போட்டாள். தானும் சாப்பிட்டாள். நாங்கள் கை கழுவிக்கொண்டிருந்தபோது நிதானமாகச் சொன்னாள்.

“இன்னிக்கு நீ வுட்டதுதானண்ணா? தெரியுது. அவரு இன்னும் கொஞ்சம் இஸ்து வுடுவாரு.” பிறகு வண்டியைப் பார்த்தாள். “போன வாரம் பூரா வந்துச்சே, அது அவரோடது.”

அது வால்வு ஒட்டியது அம்மா என்று சொல்ல வாயெடுத்தவன், செம்பை எடுத்து இன்னொரு தடவை கை கழுவினேன்.

இப்போதெல்லாம் சேட்டு சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போகும் முன் என் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்துகிறான். கண்ணாடியில் யானை அப்படியே இருக்கிறது. காலை வைத்து ஒரு தடவை உறுமவிட்டு, “அவன் வுட்ட மாதிரி இருக்குதா பாய்?” என்று கேட்கிறான். பிரபு எப்படி விடுவான் என்று என் காதுக்கும் தெரியும். இன்னும் கொஞ்சம் இழு என்கிறேன். ஒரு நாள் அச்சு அசல் பிரபுவின் உறுமலே வந்துவிடுமோ என்று எனக்குப் பயமாகவும் இருக்கிறது.