சவுரியப்பன் அரித்த ஓடைப் பொன்

சித்தேரி மலையிலிருந்து இறங்கி வரும் ஒரு சின்ன ஓடையில் பொன் இருக்கிறது என்பது பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்தில் பலருக்கும் தெரியும். எடுக்கத் தெரிந்தவர் சவுரியப்பன் ஒருவர்தான். இளவயதில் கோலார் தங்கவயலுக்குக் கூலிவேலைக்குப் போனபோது அங்கே கற்றுக்கொண்டு வந்த வேலை அது. குழிந்த மரத்தட்டில் ஓடை மண்ணை அள்ளி, தண்ணீரில் அமிழ்த்திச் சுழற்ற வேண்டும். லேசான மண் வழிந்து போய்விடும். கடைசியில் கறுப்பு மணல் நிற்கும். அதன் ஓரத்தில் மஞ்சள் பொடி தூவினாற்போல ஒரு கோடு தெரிந்தால் அது பொன்.

அதில் யாரும் பணக்காரராகிவிட முடியாது. மழைக்காலம் முடிந்து ஓடை தெளிகிற சில மாதங்கள்தான் அந்த வேலை. மற்ற நாளெல்லாம் அவரும் மற்றவர்களைப் போலக் காட்டுவேலைக்குத்தான் போனார். ஆனால் டவுன் பஸ்ஸில் கண்டக்டர், “தங்கக்காரரே, உள்ள வாங்க” என்று கூப்பிடுவார். மாதா கோயில் திருவிழாவில் சாமியாரே நின்று விசாரிப்பார். சவுரியப்பனுக்கு அது போதுமாயிருந்தது.

எண்பத்து நாலாம் வருஷம் ஐப்பசி மழைக்குப் பிறகு அவர் காலில் கருவேல முள் ஏறிச் சீழ் வைத்துவிட்டது. கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. ஓடையோ தெளிந்து ஓடிக்கொண்டிருந்தது.

“நான் போயி அரிச்சுப் பாக்கட்டுங்களா?” என்று கேட்டாள் மனைவி மதலேனம்மாள்.

அவர் சிரித்தார். “களை புடுங்கற வேலைன்னு நெனைச்சியா? போ போ. இடுப்பு புடிச்சா நீயே திரும்பி வருவே.”

சாயங்காலம் அவள் இலையில் மடித்துக் கொண்டுவந்ததைப் பிரித்தார். சிரிப்பு நின்றுவிட்டது. நல்ல நாளில் அவருக்குக் கிடைப்பதைவிடக் கூடுதலாக இருந்தது.

“புது வெள்ளம் கொண்டாந்து போட்டிருக்குது. யாரு போனாலும் கெடைக்கும்” என்றார்.

கால் ஆறியதும் இரண்டு பேருமாகப் போனார்கள். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அரித்தார்கள். அவள் தட்டில்தான் கோடு தடிமனாக விழுந்தது. அவர் தட்டில் உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. எங்கே அள்ளுகிறாள் என்று கேட்டார். அவள் ஒளிக்கவில்லை. “கரையோரத்துப் புல்லைப் புடுங்கி வேரை அலசறேனுங்க. மண்ணெல்லாம் வேருலதான புடிச்சு நிக்குது?” என்றாள். மறுநாள் அவர் முன்னாலேயே போய் அந்தக் கரைப் புல்லை எல்லாம் பிடுங்கிவிட்டார். அவள் பாறை இடுக்குப் பாசியைச் சுரண்டினாள். அன்றும் அவளுக்கே அதிகம். அவர் தட்டை வேகமாகச் சுழற்றுவார். பாதி வழிந்து போகும். அவள் தூங்குகிற பிள்ளையை ஆட்டுகிற மாதிரி ஆட்டுவாள்.

பாப்பிரெட்டிப்பட்டியில் பொடியை வாங்கி உருக்குகிறவர் வெங்கடாசலம் ஆசாரி. சவுரியப்பன் தனித்தனியாக மடித்துக் கொண்டுபோன இரண்டு பேர் பொட்டலங்களையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“இது அம்மா அரிச்சதுங்களா?”

“எப்படிச் சொல்றீங்க?”

“சுத்தமா இருக்குதே. உங்களதுல மணலு நிக்குதுங்க.”

ஆசாரி ஒரு கெட்ட எண்ணத்திலும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் அந்தக் கால் முள்ளைவிட ஆழமாக ஏறிவிட்டது. அதே வாரம் கண்டக்டர், “தங்கக்காரம்மா வர்லீங்களா?” என்று கேட்டார். சவுரியப்பன் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவருக்கு அவள் செய்கிற எதுவும் பிடிக்கவில்லை. களியில் உப்பில்லை என்றார். சிரித்தால் எதற்குச் சிரிக்கிறாய் என்றார். ஓடையில் தன் தட்டைப் பார்ப்பதைவிட அவள் தட்டைத்தான் அதிகம் பார்த்தார். அந்தப் பொன் தன் வீட்டுக்குத்தான் வருகிறது, தன் மகள் ராஜமேரிக்குத்தான் போய்ச் சேரும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் வயிறு எரிந்தது. யாரோ ஒருத்தன் தன்னைவிட நன்றாக அரித்தால்கூடப் பொறுத்திருப்பார். இவள் தன்னைப் பார்த்துக் கற்றுக்கொண்ட வேலையல்லவா இது?

ஒரு நாள் காலை அவள் கோழிகளைத் திறந்துவிடப் போன நேரத்தில், விளக்கெண்ணெயை விரலால் தொட்டு அவள் தட்டின் உள்பக்கம் மெலிதாகத் தேய்த்துவிட்டார். எண்ணெய் பட்டால் பொடிப்பொன் அடியில் தங்காது, தண்ணீர் மேல் மிதந்து போய்விடும். இதுவும் தங்கவயலில் தெரிந்துகொண்டதுதான்.

அன்று அவர் பக்கத்திலிருந்தே பார்த்தார். தட்டுத் தண்ணீரின் மேல் மஞ்சளாக ஏதோ மினுங்கி விளிம்பைத் தாண்டியது. மதலேனம்மாள் அடியில் நின்ற வெறும் கறுப்பு மணலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி அள்ளினாள். மறுபடியும் ஒன்றுமில்லை.

“என்னங்க இது, ஒரு பொட்டுகூட நிக்கல?”

“கை ராசி எல்லா நாளும் நிக்குமா?” என்றார் அவர். அன்று ராத்திரி களியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

காலையில் அவள் தட்டில் எண்ணெய் தொட்டு வைப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. அவள் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். தான் பெருமையடித்துக்கொண்டதால் மாதா கை ராசியை எடுத்துக்கொண்டாள் என்று அழுதாள். ஒரு கட்டத்தில் ஓடைக்கு வருவதையே விட்டுவிட்டுக் கடலைக்காட்டுக் கூலிக்குப் போனாள். சவுரியப்பன் மறுபடி தனியாக அரித்தார். பழைய அளவுதான் கிடைத்தது. முந்துவதற்கு ஆளில்லாமல் அதில் ருசியும் இல்லை. போதாததற்கு ஆசாரி வேறு ஒவ்வொரு தடவையும், “அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லீங்களா?” என்று விசாரித்தார்.

சும்மா கிடந்த தட்டில் மதலேனம்மாள் ஒரு நாள் ராகி மாவைக் கொட்டினாள். திருப்பிக் கவிழ்த்தபோது மாவு உதிரவில்லை. உள்பக்கம் வட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் வழித்து முகர்ந்து பார்த்தாள். விளக்கெண்ணெய் நாற்றம்.

தட்டைச் சாம்பல் போட்டு வெந்நீரில் தேய்த்துக் கழுவி, எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனாள். அவர் எதிரிலேயே உட்கார்ந்து ஒரு தட்டு மண் அரித்தாள். பொன் கோடு நின்றது. அதை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“எண்ணெ பட்டா பொன்னு மெதக்கும்னு எனக்கு இத்தன நாளாத் தெரியாதுங்க. இந்த ஊருல தெரிஞ்ச ஆளு ஒருத்தருதான்.”

சவுரியப்பன் குனிந்து தன் தட்டில் மண்ணை அள்ளினார்.

“ஓடைல போனது எம்பொன்னு இல்ல. நம்ம புள்ளையோடது” என்றாள். குரல் உயரவில்லை. “இனிமே நீங்க பாறைக்கு மேல அரிங்க. நான் கீழ உக்காந்துக்கறேன்.”

சொன்னபடி பாறையைத் தாண்டி, தண்ணீர் இறங்கிப் போகிற பக்கம் போய் உட்கார்ந்தாள். அவருக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது. அவர் அவசரத்தில் வழியவிடுவதெல்லாம் நேரே அவளிடம் போகும். அதைப் பொறுக்க முடியவில்லை. ஒரு துகள்கூட அவளுக்குப் போகக்கூடாது என்று தட்டை மெதுவாக ஆட்டத் தொடங்கினார். மண்ணை இரண்டு தடவை அலசினார். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுமை பழகினார். தை மாதம் ஆசாரி இரண்டு பொட்டலத்தையும் பார்த்துவிட்டு, “எது யாருதுன்னே தெரியலீங்க” என்றார். அதைக் கேட்டு அவருக்குப் பாதி சந்தோஷம்தான். தன்னுடையதுதான் மேல் என்று சொல்லியிருக்கலாமே என்றிருந்தது.

அவளிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அவள் கோழி திறக்கப் போகிற நேரத்தில் வீட்டுக்குள் இருக்க மாட்டார். வெளியே வந்து தெருவில் நின்றுகொள்வார்.

மூன்று வருஷம் அப்படிப் போனது. பிறகு ஓடையின் குறுக்கே தடுப்பணை கட்டினார்கள். மணல் கொண்டுவந்த வெள்ளம் மேலேயே நின்றுவிட்டது. பொன் வரத்து ஓய்ந்தது. அந்த வருஷமே ராஜமேரிக்கு மொரப்பூர் மாப்பிள்ளை அமைந்தது. இரண்டு பேரும் விற்காமல் சேர்த்து வைத்த பொடியில் ஒரு ஜோடி கம்மல் செய்யலாம் என்று ஆசாரி சொன்னார். சவுரியப்பன் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, தன் பொன்னில் ஒன்று, மனைவியின் பொன்னில் ஒன்று என்று தனித்தனியாக உருக்கச் சொன்னார்.

கல்யாணத்தன்று கோயில் வாசலில் மகள் வந்து நின்றாள். அவர் வலது காதைக் குனிந்து பார்த்தார். இடது காதையும் பார்த்தார்.

“எது என்னுது?” என்று மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்.

“ஆசாரி எங்கிட்ட வந்து கேட்டாருங்க. எல்லாத்தையும் ஒண்ணா உருக்கச் சொல்லிட்டேன்” என்றாள் மதலேனம்மாள்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. பந்தியில் ஓர் ஓரமாகப் போய் உட்கார்ந்தார். பக்கத்து இலைக்காரர், “கம்மலு ஓடைத் தங்கமாமே, யாரு அரிச்சதுங்க?” என்று கேட்டார்.

சவுரியப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு நிமிராமல், “நாங்க ரெண்டு பேருந்தான்” என்றார்.