சம்பளமில்லாத ஸ்டாண்ட்பை: எழுபத்தொரு நாள் குறிப்பு

1. ஒன்பது வரிக் கடிதம்

முதல் நாள், திங்கட்கிழமை, காலை 6.40. கொச்சி மட்டாஞ்சேரி வீட்டில் யூனிஃபார்ம் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தபோது கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஒன்பது வரி. நான்கு விமானங்கள் பராமரிப்புக்குப் போகின்றன. அவை திரும்பி வரும்வரை விமானிகளில் பாதிப் பேர் சம்பளமில்லா விடுப்பில் இருப்பார்கள். இது தற்காலிக ஏற்பாடு. ஒத்துழைப்புக்கு நன்றி. விடுப்பு அன்று காலையிலேயே தொடங்கிவிட்டது. பட்டன்களைக் கழற்றினேன்.

நான் கேப்டன். வேலையை விட்டுப் போக வேண்டுமானால் ஒரு வருட நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. அது முடிந்து, தடையில்லாச் சான்று, அதாவது என்.ஓ.சி., கையில் கிடைத்தால்தான் வேறு கம்பெனி என்னைச் சேர்க்க முடியும். நான் அவர்களைக் கைவிடுவதற்கு ஒரு வருடம். அவர்கள் என்னைக் கைவிடுவதற்கு ஒரு மின்னஞ்சல்.

இதையெல்லாம் ஞாபகத்திலிருந்து எழுதவில்லை. லாக் புக் தவிர, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அதில் நான்கு கட்டங்கள்: நாள், மணி, என்ன, யார் சொன்னது. நாள் எண்ணிக்கையை மட்டும் இங்கே தருகிறேன். தேதி போட்டால் கம்பெனி எதுவென்று தெரிந்துவிடும். அவர்களிடம் வக்கீல்கள் இருக்கிறார்கள்.

2. எஸ்.பி.ஒய்.

ஒன்பதாம் நாள் அடுத்த மாத ரோஸ்டர், அதாவது பணி அட்டவணை, வந்தது. வெறுமையாக இருக்கும் என்று நினைத்துத் திறந்தேன். பதினான்கு நாட்களில் எஸ்.பி.ஒய். என்று போட்டிருந்தது. ஸ்டாண்ட்பை. கூப்பிட்டால் தொண்ணூறு நிமிடத்தில் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். சீஃப் பைலட்டை அழைத்தேன். சென்னைக்காரர், என்னோடு பல வருடம் பறந்தவர்.

"ஸார், நான் லீவுல இருக்கேனா, ட்யூட்டில இருக்கேனா?"

"லீவுதான் கேப்டன். சும்மா ஒரு பேக்கப்புக்குப் போட்டிருக்கோம். கூப்பிட மாட்டோம்."

"கூப்பிட்டா?"

"கூப்பிட்டா வாங்க. நீங்க சீனியர், நீங்களே இப்படிக் கேட்டா எப்படி? விமானம் திரும்பி வந்ததும் முதல் ஆளா உங்களைத்தான் எடுப்போம். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க."

பணிந்தேன். எங்கள் தொழிலில் ரோஸ்டரில் ஒரு எழுத்து விழுந்தால் உடம்பு தானாக அதற்குக் கீழ்ப்படியும். மட்டாஞ்சேரியிலிருந்து நெடும்பாசேரி விமான நிலையத்துக்குத் தோப்பும்படி, வைற்றில, இடப்பள்ளி என்று எல்லா நெரிசலையும் தாண்டித் தொண்ணூறு நிமிடத்தில் போவது சுலபமில்லை. ஆகவே ஒவ்வொரு ஸ்டாண்ட்பை நாளும் விடியும் முன்பே குளித்து, முகம் மழித்து, யூனிஃபார்ம் போட்டு, காரைத் தெருவைப் பார்த்துத் திருப்பி நிறுத்திவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பறக்கும் முன் கூடாதென்று தலைவலிக்குக்கூட மாத்திரை போடவில்லை.

எங்கள் சந்தில் அரிசி லாரி வந்து நின்றால் சைக்கிள்கூடப் போகாது. அங்கே மூட்டை இறக்கும் சுமட்டுத் தொழிலாளர்களின் கண்காணி சலீமிக்கா. பாதித் தமிழ், பாதி மலையாளம். அவரிடம் போய் லாரியை ஓரமாக நிறுத்தச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். அடுத்த ஸ்டாண்ட்பை நாள் அவரே சன்னல் பக்கம் வந்தார்.

"எந்தா கேப்டனே, இன்னைக்கும் மாப்பிள்ளை வேஷமா? பிளேன் வந்தோ?"

"இல்ல இக்கா. ஸ்டாண்ட்பை. கூப்பிட்டா போகணும்."

"கூப்பிடலைன்னா?"

"இப்படியே இருக்கணும்."

"இருக்கறதுக்கு எத்தர தரும்?"

ஒன்றும் தருவதில்லை என்றேன். தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி, லாரியின் மேலே நின்ற ஆட்களைப் பார்த்துக் கத்தினார்: "கேட்டோடா! நாம பார்த்துட்டு நின்னதுக்கு நோக்குகூலி வாங்கினோம்னு பேப்பர்ல எழுதி நம்மளை நாறடிச்சாங்க. இவரு தோள்ல நாலு பட்டை வெச்சு, சட்டை தேச்சுப் போட்டு நோக்கிட்டு இருக்காரு. கூலி இல்லையாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு சலீமிக்கா சிரிக்காமல் கேட்டார்: "உங்க யூனியன்ல ஆரும் கேக்கலையா?"

எங்களுக்கு யூனியன் இல்லை. வாட்ஸ்அப் குழு ஒன்று இருந்தது. அதில் எல்லோரும் கைகூப்பும் படம் போட்டுக்கொண்டிருந்தோம்.

3. இருபதாம் நாள்

அனு கோ-பைலட். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பெண். என்னோடு பலமுறை பறந்திருக்கிறாள். அவளும் விடுப்பு, அவளும் ஸ்டாண்ட்பை. இருபதாம் நாள் மாலை 5.15க்கு அழைத்தாள். வேறொரு கம்பெனி அவளுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. பதில் சொல்லப் பத்து நாள் கெடு.

"எனக்கு ஒண்ணும் புரியலை ஸார். இங்கே சீனியாரிட்டி போயிடும். அங்கே கடைசி ஆளாக்கும் நான். ஸார் என்ன செய்யப்போறேள்?"

அதே கம்பெனி என்னையும் கேட்டிருந்தது. கேப்டன்களுக்கு மட்டும் கெடு நீளம். அவளிடம், "பொறு. விமானம் திரும்பி வரும். நான் போகலை," என்றேன்.

"அப்போ நானும் நிக்கறேன்," என்றாள்.

4. முன் ஹோல்டில் பெட்டிகள்

எழுபத்தோராம் நாள், திங்கட்கிழமை, காலை 5.50. முதன்முறையாக ஸ்டாண்ட்பைக்கு அழைப்பு. கொச்சியில் நின்றிருந்த நான்காவது விமானத்தை வெளிமாநிலத்தில் உள்ள பராமரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பயணிகள் இல்லாத ஃபெர்ரி. மற்ற மூன்றையும் ஏற்கெனவே கொண்டுபோயிருந்தார்கள். சலீமிக்கா லாரியை நகர்த்தி, "போயிட்டு வா கேப்டனே!" என்று காரின் கூரையைத் தட்டினார். வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு அன்று காலையில் சந்தோஷமாக இருந்தது.

அனுவும் வந்திருந்தாள். புறப்படும் முன் விமானத்தைச் சுற்றிச் சோதிக்கக் கீழே இறங்கினேன். முன் கார்கோ ஹோல்ட், அதாவது சரக்கு அறை, திறந்திருந்தது. உள்ளே வரிசையாக அட்டைப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் விமானத்தின் பதிவெண், வருடம். முதல் பெட்டியில் அந்த விமானம் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த வருடம். கடைசிப் பெட்டியில் இந்த வருடம்.

பராமரிப்புக்குப் போகும் விமானத்தோடு அந்த வேலைக்கு வேண்டிய காகிதம் மட்டும் போகும். பிறந்த நாளிலிருந்து மாற்றிய ஒவ்வொரு பாகத்தின் வரலாறும் கூடவே போகிறதென்றால் ஒரே அர்த்தம்தான். குத்தகைக்குக் கொடுத்தவரிடம் விமானத்தைத் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

என்ஜினியர் வர்கீஸ் ஹோல்ட் வாசலில் நின்றார். "வர்கீஸ், முதல் மூணு விமானத்துலயும் பெட்டி போச்சா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "போயி, கேப்டன். ஆர்கிட்டயும் ஒண்ணும் பறயண்டான்னு எங்களுக்கு ஆர்டர்." ஒரு பெட்டியை நேராக்கிவிட்டு, "கேப்டனுக்கு அறியும்னு நெனச்சேன்," என்றார்.

எனக்குத் தெரியாது. ரோஸ்டரைப் பார்த்தேன், கடிதத்தைப் பார்த்தேன், சன்னலைப் பார்த்தேன். ஹோல்டைப் பார்க்க எனக்கு எழுபத்தொரு நாள் ஆனது.

பறக்க மறுத்திருக்கலாமே என்று பின்னால் சிலர் கேட்டார்கள். விமானம் நல்ல நிலையில் இருந்தது. அதை ஓட்ட மறுக்க எனக்குத் தொழில்முறைக் காரணம் எதுவும் இல்லை. ஓட்டினேன். ஏறி முடித்து ஆட்டோபைலட் போட்டதும் அனு கேட்டாள்: "ஸார், பெட்டியெல்லாம் நானும் பார்த்தேன். இது திரும்பி வராது, இல்லையோ?"

"வராது."

"எனக்கு வந்த இடத்தை அவா வேற ஆளுக்குக் கொடுத்தாச்சு, ஸார்." என்றாள். பிறகு எரிபொருள் கணக்கைப் படித்தாள். நான் சரிபார்த்தேன்.

5. ஒரு பக்கக் கேள்வி

இறங்கியதும் அங்கிருந்தே ராஜினாமா அனுப்பினேன். பத்து நிமிடத்தில் சீஃப் பைலட் அழைத்தார்.

"என்ன கேப்டன், உணர்ச்சிவசப்பட்டுட்டீங்க. ஒரு வருஷ நோட்டீஸ் இருக்கே?"

"அந்த ஒரு வருஷமும் சம்பளம் உண்டா?"

"அதெப்படி? நீங்கதான் லீவுல இருக்கீங்களே."

கவனித்துப் பாருங்கள். வேலை கிடையாது, சம்பளம் கிடையாது, இன்னொரு இடத்துக்குப் போக அனுமதியும் கிடையாது. ஒரு வருடம். அதற்குள் அந்தப் புதிய கம்பெனி எனக்குக் கொடுத்த கெடு போய்விடும். தொண்ணூறு நாட்களுக்குள் மூன்று முறை ஏறி இறங்காத விமானியை மறுபடி சோதித்த பிறகே பறக்கவிடுவார்கள். அந்தத் தகுதியும் போயிருக்கும். நான்கு விமானங்களும் திரும்பாது என்று தெரிந்த மனிதர் இதை என்னிடம் சாதாரணக் குரலில் சொன்னார்.

அன்று மாலை நோட்டைப் பிரித்து வைத்து ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். ஸ்டாண்ட்பை நாட்கள் முப்பத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் தொடங்கிய மணி, முடிந்த மணி, ரோஸ்டர் எண். எழுபத்தோராம் நாள் காலை அழைத்தவர் பெயர். அதன் கீழே ஒரே கேள்வி: நான் விடுப்பில் இருந்தேன் என்றால், விடுப்பில் இருந்தவரை விமானத்தை ஓட்ட வைத்தது யார்? பணியில் இருந்தேன் என்றால், சம்பளம் எங்கே? இரண்டில் எது என்று எழுத்தில் சொல்லுங்கள். நகலை விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது.

பதில் வரவில்லை. பதினொரு நாளில் என்.ஓ.சி. வந்தது. நோட்டீஸ் காலம் தள்ளுபடி. 'விமானியின் சொந்த வேண்டுகோளை ஏற்று, நல்லெண்ண அடிப்படையில்' என்று எழுதியிருந்தார்கள். நல்லெண்ணமாம்! அடுத்த வாரமே இதே கேள்வியை ஏழு பேர் தங்கள் நாட்களைப் போட்டு அனுப்பினார்கள். ஏழு பேருக்கும் நல்லெண்ணம் கிடைத்தது. அந்த ஏழு பேரில் அனுவும் ஒருத்தி. எனக்குப் போக இடம் இருந்தது, அவளுக்கு இல்லை. பதினான்கு மாதம் கழித்துத்தான் கிடைத்தது.

சலீமிக்காவிடம் சொன்னபோது, "முப்பத்தொண்ணு நாள் கூலி?" என்றார். வரவில்லை என்றேன். "அப்போ ஜெயிக்கலை," என்றார். சரிதான்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு என்னிடம் இருப்பது இவ்வளவே. காத்திருக்கச் சொன்னால், எதற்கு, எந்தக் கணக்கில் என்று முதல் நாளே எழுத்தில் கேளுங்கள். நான் ஒன்பதாம் நாள் வாயால் கேட்டேன், வாயால் பதில் வாங்கிக்கொண்டேன். அந்தப் பதிலை இன்னொருவருக்கும் கொடுத்தேன். நோட்டில் அது இருக்கிறது: இருபதாம் நாள், மாலை 5.15, 'விமானம் திரும்பி வரும்.' யார் சொன்னது என்ற கட்டத்தில் கம்பெனியின் பெயர் இல்லை. என் பெயர் இருக்கிறது.