மாரியம்மனிடம் கனடா வெயில் கேட்டவர்

எங்கள் விருதுநகர் மாரியம்மன் கோயிலில் எல்லோரும் மழை வேண்டித்தான் கும்பிடுவோம். பருப்பு வியாபாரி அண்ணாச்சி ஒருவர் மட்டும், நெற்றி நிறையத் திருநீறும் கையில் செல்போனுமாக நின்று, மழை வேண்டாமென்று சத்தமாகவே கும்பிட்டார். என் மக்காச்சோளம் கருகிக்கொண்டிருந்த நேரம். எனக்குப் பொறுக்கவில்லை.

"என்ன அண்ணாச்சி, ஆத்தாகிட்டப் போயி இப்படிக் கேக்கீக?"

"இங்கன இல்ல தம்பி, கனடாவுல! வான்கூவர் துறைமுகத்துல நம்ம பட்டாணிக் கப்பல் நிக்கி. தூறல் விழுந்தாலே லோடு ஏத்தமாட்டானுக."

அண்ணாச்சி திருச்செந்தூர்க் கடலில் முழங்கால் நனைத்ததோடு சரி, ஆனால் கப்பல் தலைவன் மாதிரி போனில் வரைபடத்தைத் திறந்து, கப்பல் நிற்கும் இடமென்று ஒரு புள்ளியைக் காட்டினார்.

"அந்த மழைய இங்கன திருப்பிவிடச் சொல்லியிருக்கேன். உங்க சோளத்துக்கும் ஆச்சு."

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். "அங்கன நல்ல வெயிலு தம்பி. கப்பல் கிளம்பிருச்சு!"

இங்கேயும் நல்ல வெயில்தான். ஆத்தாளுக்கு என் சோளக்காட்டைவிடக் கனடா எப்படிப் பக்கமானது என்று இன்னும் விளங்கவில்லை.