சித்திக்கு அரித்த வருடம்

எனக்கு ஒன்பது வயதானபோது, அம்மாவின் தங்கை மதுரையிலிருந்து எங்களோடு வந்து தங்கினாள். தில்லி கிட்வாய் நகரில், அரசுக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு அலுவலகத்துக்குப் போகிறவர்கள். அதுவரை பள்ளிவிட்டு வந்தால் நானே கதவைத் திறந்து, நானே சோற்றைப் போட்டுக்கொண்டு, டி.வி.யில் வருகிறவர்களுக்குப் பதில் சொல்லியபடி சாப்பிடுவேன். சித்திக்கு ஒரு சுற்றுலாக் கம்பெனியில், தமிழ்ப் பயணிகளோடு போனில் பேசுகிற வேலை. அதிகாலை ஷிப்ட். நான் வருவதற்குள் அவள் வந்துவிடுவாள். டி.வி.க்குப் பதில் சொல்லும் பழக்கம் ஒரே வாரத்தில் விட்டுப்போயிற்று.

ஹாலில் கிடந்த திவானில் நானும் அவளும் ஒரே ரஜாய்ப் போர்வைக்குள் படுத்துக்கொள்வோம். அவளுக்கு இந்தி வராது. எனக்குத் தமிழ் எழுதப் படிக்க வராது. ஒருவரையொருவர் கேலி செய்வதற்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஹோலி முடிந்த சமயத்தில் அவளுக்குக் கால் அரிக்க ஆரம்பித்தது. கலர்ப் பொடி ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். கோடை வந்ததும் தில்லித் தண்ணீர் உப்பு என்றார்கள். மழையில் கொசு. குளிர்காலத்தில் கம்பளி ஸ்வெட்டர். ஒவ்வொரு பருவமும் வரும்போதே ஒரு காரணத்தைக் கையோடு கொண்டுவந்தது. அரிப்பு மட்டும் எதையும் சட்டை செய்யாமல் காலிலிருந்து முதுகுக்கும் கைகளுக்கும் ஏறியது. தடிப்பில்லை, கொப்புளமில்லை. சொறிந்த நகத்தின் கோடுகள்தான் இருந்தன. குளித்துவிட்டு வந்தால் இன்னும் மோசம். துண்டோடு நின்று பற்களைக் கடித்துக்கொள்வாள். நான் ஃப்ரீசரிலிருந்து ஐஸ் கட்டிகளை எடுத்து, கர்சீப்பில் முடிந்து, அவள் முதுகில் உருட்டுவேன்.

"அப்படியே கழுத்துக்குக் கீழ, அங்கிட்டு… ஆங், தங்கம்டி நீ" என்பாள்.

அதை விளையாட்டு என்றே நினைத்திருந்தேன்.

முதலில் பார்த்த டாக்டர் சிரங்கு என்றார். வீட்டிலுள்ள எல்லோரும் கழுத்திலிருந்து பாதம்வரை ஒரு வெள்ளை லோஷனைப் பூசிக்கொள்ள வேண்டும் என்றார். அப்பா பனியனும் லுங்கியும் இல்லாமல், வெள்ளையடித்த சுவர்போல் பாத்ரூம் வாசலில் நின்றது அந்த வருடத்தின் ஒரே நகைச்சுவை. அம்மா விரிப்புகளையெல்லாம் கொதிக்கவைத்தாள். எங்கள் மூவருக்கும் அரிப்பே இல்லை, அதனால் எங்களுக்கு நன்றாகக் குணமாயிற்று. சித்திக்கு நிற்கவில்லை.

அதற்குப் பிறகுதான் தனிச் சோப்பு, தனித் துண்டு, தனி நாற்காலி எல்லாம் வந்தன. நான் உள்ளறைக்கு, அப்பா அம்மாவுக்கு நடுவில் மாற்றப்பட்டேன். "கொஞ்ச நாளைக்குத்தான்" என்றாள் அம்மா. எனக்கு அங்கே தூக்கம் வராது. கதவுக்கு அந்தப் பக்கம் வரக் வரக் என்று கேட்கும். கூப்பிட வாயெடுப்பேன், அம்மாவின் கை என்மேல் விழும்.

அலுவலகத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் இடம் மாறிப்போனாளாம். "மெட்ரோவுல எனக்கு எப்பவும் சீட்டு கிடைக்கும்டி, ரெண்டு பக்கமும் காலியா" என்று சித்தி சொன்னாள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

தோல் டாக்டர் ஒருவர் மாத்திரைகள் கொடுத்துப் பார்த்துவிட்டு, மனக்கவலையால் இப்படி வரும் என்று சொல்லிவிட்டார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். ஊரில் சித்திக்கு ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கல்யாணப் பேச்சு எடுத்ததுலேருந்துதான் உனக்கு அரிக்குது. பிடிக்கலேன்னா வாயத் தெறந்து சொல்லு. இந்த நாடகமெல்லாம் எதுக்கு?"

"நாடகமாக்கா? காலப் பாரு. நானா வேணும்னு கிழிச்சுக்கிறேன்?"

"சாப்பிடுறதும் இல்ல. எலும்பும் தோலுமா நின்னா மாப்பிள்ளை வேணாம்னு போயிருவான்னு பாக்குற."

அன்றிலிருந்து சித்தி, யாராவது இருக்கும்போது சொறிந்துகொள்வதை நிறுத்திவிட்டாள். கைகளைத் தொடைக்கடியில் வைத்து அமர்ந்துகொண்டு, சன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஜனவரியில், பனிமூட்டத்துக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்ட ஒருநாள், அவள் என்னையும் கூட்டிக்கொண்டு பக்கத்தில் ஒரு லேடி டாக்டரிடம் போனாள். வீட்டில் சொல்லவில்லை. இந்திக்கு ஆள் வேண்டும் என்பதால் நான். டாக்டர் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். கால்களை விளக்கடியில் வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்கத் தொடங்கினார்.

"ராத் கோ பஸீனா ஆத்தா ஹை?"

"ராத்திரி வேர்க்குதான்னு கேக்குறாங்க" என்றேன்.

சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "வேர்க்குது. நைட்டி பிழியிற மாதிரி நனைஞ்சுருது. இந்தக் குளிர்ல யாரு நம்புவா?"

தினமும் காலையில் பால்கனிக் கம்பியில் ஒரு நைட்டி காய்ந்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சித்திக்குச் சுத்தப் பைத்தியம், தினமும் துவைக்கிறாள் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

காய்ச்சல் வந்துபோகிறதா? உடம்பு இளைத்திருக்கிறதா? நான் ஒவ்வொன்றையும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பள்ளியில் யாரும் எனக்கு இவ்வளவு பெரிய வேலை தந்ததில்லை. டாக்டர் எழுந்து வந்து, சித்தியின் கழுத்தெலும்புக்கு மேலே விரல்களால் அழுத்தினார். ஓரிடத்தில் விரல் நின்றது. வலிக்கிறதா என்று கேட்டார். வலிக்கவில்லை என்றாள் சித்தி.

பிறகு என்னிடமே நிதானமாகச் சொன்னார். அரிப்பென்றால் பெரும்பாலும் சாதாரணக் காரணம்தான், பயப்படத் தேவையில்லை. ஆனால் தோலில் எதுவுமே இல்லாமல் இத்தனை மாதம் அரித்து, கூடவே வேர்த்து, இளைத்து, கழுத்தில் கட்டியும் இருந்தால், உள்ளே என்னவென்று பார்த்தே ஆகவேண்டும். நாளைக்கே பெரியவர்கள் யாரையாவது கூட்டிக்கொண்டு வா.

நான் அதைச் சுருக்கிவிட்டேன். "உள்ள போட்டோ எடுக்கணுமாம். அம்மாவக் கூட்டிட்டு வரணுமாம்."

சித்தி டாக்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என் மொழிபெயர்ப்பு அவளுக்குத் தேவைப்படவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

எக்ஸ்ரேயில் நெஞ்சுக்குள் நிழல் தெரிந்தது. கழுத்திலிருந்து ஒரு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டவை. நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய். அந்த வகைக்கு நல்ல மருந்து இருந்தது. முதல் முறை மருந்து ஏறிய சில நாட்களிலேயே அரிப்பு நின்றுபோனது. சித்தி ஒரு பகல் முழுக்கக் கையைக் காலை அசைக்காமல் தூங்கினாள், அம்மா அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். முடி கொட்டியது, திரும்ப வளர்ந்தது. வரன் போனது, அது திரும்ப வரவில்லை. உடம்பு தேறியதும் ஜனக்புரியில் ஒரு பெண்கள் விடுதியில் இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டாள். அம்மா எவ்வளவோ கெஞ்சினாள். இன்றும் தில்லியில்தான் இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள். தீபாவளிக்கு வருவாள், சாப்பிடுவாள், இருட்டுமுன் கிளம்பிவிடுவாள்.

எனக்கு அடிக்கடி நினைவு வருவது, பரிசோதனை முடிவு வந்த ஞாயிற்றுக்கிழமை மதியம்தான். அம்மா சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். அப்பா பால்கனியில் யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார். சித்தி மட்டும் திவானில் சம்மணமிட்டு அமர்ந்து, எல்லோர் முன்னாலும் தாராளமாகக் காலைச் சொறிந்துகொண்டிருந்தாள். அவள் முகத்தில் பல மாதங்களாக நான் பார்க்காத ஒரு தெளிவு.

"இங்கிட்டு வாடி" என்றாள். "நான் பொய் சொல்லல, பாத்தியா. இதுக்குப் பேரு இருக்கு."

"என்ன பேரு?"

"லிம்போமா."

அழகான பெயராக இருந்தது. பெயர் இருந்தால் மருந்து இருக்கும், அம்மா என்னை மறுபடியும் ஹாலில் படுக்க விடுவாள். இதற்கு ஏன் அழுகிறார்கள் என்று விளங்காமல், மூன்று மாடியும் இறங்கி ஓடினேன். கீழ்வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி வெயிலில் கட்டில் போட்டுப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். பூந்தொட்டிப் பக்கம் போனாலே எங்களை விரட்டுகிறவர்.

"ஆன்ட்டி, மேரி மௌஸி கி பீமாரி கா நாம் மில் கயா!" என்று, சித்தியின் நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் கத்தினேன்.

"அச்சா? க்யா நாம்?"

பெயரைச் சொன்னேன். ஆன்ட்டியின் கை நின்றது. மேலே எங்கள் சன்னலைப் பார்த்தார். பிறகு என்னை இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டு, உரித்து வைத்திருந்த பட்டாணியை இரண்டு கையும் கொள்ளுமளவுக்கு அள்ளிக் கொடுத்தார். அவர் யாருக்கும் எதையும் சும்மா கொடுத்து நான் பார்த்ததில்லை. அப்படியானால் இது நான் நினைத்ததைவிடவும் நல்ல செய்தியாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்து, சித்தியோடு பங்கிட்டுக்கொள்ள, ஒன்றும் சிந்தாமல் படியேறினேன்.